வாணவேடிக்கை அல்ல

தமிழில் வானியல் எழுத முனைகிறவர்களிடம் ஒரு பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. எங்கோ தொலைவில் ஏதேனும் ஒன்று திடீரென்று பிரகாசமடைந்ததாகச் செய்தி வந்தால் போதும். 'விண்ணில் ஒரு வாணவேடிக்கை', 'பிரபஞ்சத்தின் தீபாவளி' என்கிற தோரணையில் ஒரு தலைப்புப் போட்டுவிடுவார்கள். பிறகு கோடிகள் வரும். இத்தனை கோடி சூரியன்கள், இத்தனை கோடி ஒளியாண்டுகள் என்று அடுக்கிக்கொண்டே போய், இறுதியில் 'மனிதன் எவ்வளவு சிறியவன்' என்று முடித்துக் கைகழுவி விடுவார்கள். வாசகரும் ஒரு பெருமூச்சுடன் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்.

சாத்தூர்ப் பக்கத்திலிருந்து இவற்றை வாசிக்கிற எங்களுக்கு இந்த உவமையின் மேல் இரண்டு வழக்குகள் உண்டு.

முதல் வழக்கு சிறியது. வாணவேடிக்கை பார்க்கிறவருக்குத்தான் வேடிக்கை. செய்கிறவருக்கு அது கூலி. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் 35 பேருக்கு மேல் இறந்தார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல். 'வெடிப்பு' என்ற சொல் காதில் விழுந்தால் இந்தக் கரிசல் காட்டில் முதலில் எழுகிற கேள்வி 'எந்த ஊரு, எத்தனை பேரு' என்பதுதான். அதற்காக உவமையையே தடைசெய்யுங்கள் என்று கேட்கமாட்டோம். எழுத்தாளனுக்கு எந்தப் பொருளும் விலக்கல்ல. ஆனால் அந்தச் சொல்லின் எடை தெரிந்து எடுத்துப் போட வேண்டும்.

இரண்டாவது வழக்கே இந்தக் கட்டுரைக்குக் காரணம். அந்த உவமை தவறானது. கேட்க அழகாக இருந்துகொண்டு, விஷயத்தின் உயிர்நாடியை மறைத்துவிடுகிற வகைத் தவறு. 'பிளேஸர்' எனப்படும் விண்பொருட்களின் சடுதியான ஒளிமாற்றத்தை எடுத்துக்கொண்டு இதைச் சொல்ல விரும்புகிறோம். மிக அதிகமாக 'வாணவேடிக்கை' ஆக்கப்படுவது அதுதான்.

பட்டாசு ஒருமுறை வெடிக்கும், தீர்ந்துவிடும். கந்தகக் காகிதம்தான் மிஞ்சும். பிளேஸர் அப்படியன்று. அது ஒரு விண்மீன்திரளின், அதாவது காலக்ஸியின், நடுப்பகுதி. அங்கே கோடிக்கணக்கான சூரியன்களின் நிறையுள்ள ஒரு கருந்துளை இருக்கிறது. அதைச் சுற்றி விழுந்துகொண்டிருக்கும் வாயு இருக்கிறது. அந்த ஏற்பாட்டிலிருந்து இரு எதிர்த்திசைகளில் ஒளியின் வேகத்தை ஏறக்குறைய எட்டிவிட்ட பருப்பொருள் தாரை தாரையாகப் பீறிடுகிறது. அந்தத் தாரை பல லட்சம் ஆண்டுகள் ஓயாமல் ஓடக்கூடியது. ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் பிரகாசம் ஏறும், இறங்கும். ஆண்டுக்கணக்கில் ஏறி இறங்குவது உண்டு. நாள் கணக்கில் உண்டு. சில சமயம் நிமிடக் கணக்கிலும் உண்டு. வெடிப்பைவிட, வைப்பாற்றில் எப்போதோ வருகிற வெள்ளத்தின் சுழிப்பும் குமுறலும் இதற்கு நெருக்கமான உவமையாக இருக்கலாம்.

இதன் பெயர்க்கதை சுவையானது. 1929இல் ஜெர்மானிய வானியலாளர் குனோ ஹாஃப்மைஸ்டர் பல்லி விண்மீன்குழுவில் ஒளி மாறிக்கொண்டிருந்த ஒரு புள்ளியைக் கண்டார். அதை நம் திரளிலேயே உள்ள ஒரு மாறுமீன் என்று கொண்டு, பட்டியலில் 'பி.எல். லாசெர்ட்டே' என்று பெயரிட்டார்கள். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அது நட்சத்திரமாகவே இருந்தது. 1968இல்தான், விசித்திரமான ஒரு ரேடியோ மூலமும் அந்தப் புள்ளியும் ஒன்றே என்று ஜான் ஷ்மிட் காட்டினார். பிறகு அது நம் திரளுக்கு வெகு அப்பாலுள்ள வேறொரு திரளின் மையம் என்று தெளிந்தது. இத்தகைய பொருட்களைப் பற்றி 1978இல் பிட்ஸ்பர்க் நகரில் நடந்த ஒரு மாநாட்டு விருந்தில், எட் ஸ்பீகல் என்பவர் பி.எல். லாசெர்ட்டேயையும் குவேஸாரையும் ஒட்டுப்போட்டு 'பிளேஸர்' என்று வேடிக்கையாகச் சொன்னார். ஆங்கிலத்தில் அந்த ஓசைக்குக் 'கொழுந்துவிட்டு எரிவது' என்கிற பொருளும் ஒட்டிக்கொண்டது. தமிழில் நமக்குக் கோட்டு சூட்டுத்தான் நினைவுக்கு வருகிறது!

சரி, விஷயத்துக்கு வருவோம். இதில் வியக்கவேண்டியது எவ்வளவு பிரகாசம் என்பதன்று. எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பதே. அந்த விரைவு ஓர் அளவுகோல்; எந்தத் தொலைநோக்கியாலும் பிரித்துப் பார்க்க முடியாத ஒரு பொருளின் பருமனை அளக்கிற கோல்.

பட்டாசை வைத்தே விளக்கலாம். (உவமையை முழுக்க எறிய மாட்டோம் என்று சொன்னோமல்லவா.) கண்ணுக்கெட்டிய தூரம் போகிற நேரான சாலையில் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு வெடிகளை வரிசையாக அடுக்கிவைக்கிறார்கள் என்று கொள்வோம். சரவெடிபோலத் திரி வழியாக அல்ல; எல்லாவற்றையும் ஒரே கணத்தில் வெடிக்கவைக்கிறார்கள். (சரவெடிக்கு 2018இல் உச்ச நீதிமன்றமே தடை விதித்துவிட்டது என்பது வேறு கதை.) வரிசையின் ஒரு முனையில் கண்ணைக் கட்டிக்கொண்டு நிற்கிற உங்களுக்கு ஒரே 'டமார்' கேட்குமா? கேட்காது. பக்கத்து வெடி உடனே கேட்கும். கடைசி வெடியின் ஓசை வந்துசேர ஏறக்குறைய மூன்று விநாடிகள் ஆகும். எல்லாம் ஒரே கணத்தில் வெடித்திருந்தும், ஓசை மூன்று விநாடி இழுத்துக்கொண்டு கேட்கும். இதைத் திருப்பிப்போடுங்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு நிற்கையில் அரை விநாடிக்குள் தொடங்கி முடிந்துவிட்ட ஓர் ஓசை கேட்டால், வெடிகளின் வரிசை உங்களை நோக்கிய திசையில் 170 மீட்டருக்கு மேல் நீண்டிருக்க வழியில்லை என்று கண்ணைத் திறக்காமலேயே சொல்லிவிடலாம்.

ஓசைக்குப் பதில் ஒளியை வையுங்கள். ஒரு பொருளின் பிரகாசம் ஒரே நாளில் இரட்டித்தால், அந்த மாற்றம் நிகழ்ந்த பகுதி ஒளி ஒரு நாளில் கடக்கிற தூரத்தைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. நமது சூரியக் குடும்பத்தோடு ஒப்பிடத்தக்க அளவு அது. ஒரு முழு விண்மீன்திரளையும் மங்கச் செய்கிற வெளிச்சம் அவ்வளவு சிறிய இடத்திலிருந்து வருகிறது! இந்த ஒற்றை அனுமானம் 1960களில் வானியலாளர்களின் தூக்கத்தைக் கெடுத்தது. 1963இல் மார்ட்டன் ஷ்மிட் 3சி 273 என்கிற பொருளின் தொலைவைக் கண்டுசொன்னார். அதே ஆண்டில் ஹார்லன் ஸ்மித்தும் டாரிட் ஹாஃப்லைட்டும் ஹார்வர்டின் பழைய புகைப்படத் தகடுகளைத் தேடி எடுத்து, அந்தப் பொருள் பல பத்தாண்டுகளாகவே ஒளி மாறிவந்திருக்கிறது என்று காட்டினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே யாரோ எதற்காகவோ எடுத்துவைத்த கண்ணாடித் தகடுகள் அவை. என்ன பதிவாகிறது என்று பதிந்தவருக்கே தெரியாமல் சேமிப்பில் கிடந்த சாட்சியம். கல்வெட்டுப் படியெடுத்தவர்களையும் ஏடு தேடியவர்களையும் போற்றத் தெரிந்த தமிழ் வாசகருக்கு இந்த இடத்தில் மனம் ஒரு கணம் நிற்காதா? எந்த 'வாணவேடிக்கை'க் கட்டுரையிலும் இது இடம்பெறுவதில்லை.

ஆனால் இந்தத் தர்க்கத்தை அப்படியே கொண்டுபோனால் ஒரு முட்டுச்சந்தில் போய் நிற்கும். சில பொருட்களின் ஒளிமாற்றம் அத்தனை விரைவு. அதற்கேற்ற சிறிய இடத்துக்குள் அத்தனை ஒளியையும் அடைத்தால், ஒளித்துகள்கள் ஒன்றோடொன்று மோதியே அழிந்துபோக வேண்டும். காமாக் கதிர்கள் அங்கிருந்து வெளியேறவே முடியாது. ஆனால் வெளியேறி வருகின்றன. ஆகவே கணக்கில் எங்கோ ஒரு முடிச்சு இருக்கிறது. சிலர் இப்பொருட்கள் இவ்வளவு தொலைவில் இருக்க முடியாது, பக்கத்தில்தான் இருக்கவேண்டும் என்றுகூட வாதிட்டார்கள். அந்த முடிச்சை அவிழ்க்கும் வழியை 1966இல், அப்போது இளைஞராக இருந்த மார்ட்டின் ரீஸ் சொன்னார். ஒளிர்கிற பொருள் நின்ற இடத்தில் நிற்கவில்லை, நம்மை நோக்கி ஏறக்குறைய ஒளியின் வேகத்திலேயே வந்துகொண்டிருக்கிறது என்று கொள்ளலாம் என்றார்.

அது எப்படி முடிச்சை அவிழ்க்கிறது? ஒளிவேகத்தில் 1000க்கு 995 பங்கு வேகத்துடன் ஒரு ஒளிர்திரட்டு நம்மை நோக்கி வருகிறது என்று வைப்போம். அது இன்று ஒரு மின்னலை அனுப்புகிறது. 200 நாள் கழித்து இன்னொரு மின்னலை அனுப்புகிறது. முதல் மின்னல் இந்த 200 நாளில் 200 ஒளிநாள் தூரம் முன்னேறியிருக்கும். ஆனால் அந்தத் திரட்டும் சும்மா இல்லை. அதுவும் பின்னாலேயே 199 ஒளிநாள் தூரம் ஓடிவந்திருக்கிறது. எனவே இரண்டாம் மின்னல் புறப்படும்போது முதல் மின்னலுக்கு ஒரே ஒரு ஒளிநாள் தூரம்தான் பின்தங்கியிருக்கிறது. நம்மிடம் இரண்டும் ஒருநாள் இடைவெளியில் வந்துசேரும். அங்கே 200 நாளில் நிதானமாக நடந்த ஒன்றை நாம் ஒரே நாளில் நடந்ததாகப் பார்க்கிறோம்! நாம் பார்ப்பது பரபரப்பு. அங்கே நடப்பது அத்தனை பரபரப்பன்று. இப்படி வந்தபிறகு மூலத்தின் அளவைப் பெரிதாக்கிக்கொள்ள இடம் கிடைக்கிறது, முட்டுச்சந்தும் திறந்துவிடுகிறது.

கூடவே இன்னொன்றும் நிகழ்கிறது. அத்தனை வேகத்தில் வருகிற பொருளின் ஒளி எல்லாப் பக்கமும் பரவாமல் அதன் முன்புறமாகக் குவிந்துவிடும். நான்குவழிச் சாலையில் இரவில் நடந்துபோனவர்களுக்கு இதன் சாயல் தெரியும். எதிரே வருகிற லாரியின் முகப்பு விளக்கு கண்ணைப் பறிக்கும். அதே லாரி கடந்துபோனபின் ஒரு கரிய உருவம்தான். பிளேஸரின் தாரை ஏறக்குறைய நேராக நம் முகத்தை நோக்கி இருப்பதால் அதன் ஒளி பல ஆயிரம் மடங்கு பெருகித் தெரிகிறது. நம்மை நோக்கி இராத தாரைகளும் வானில் ஏராளம். அவற்றை வேறு பெயரிட்டு அழைக்கிறோம். 2019 ஏப்ரலில் கருந்துளையின் நிழற்படம் வெளியானதே, அந்த எம்87 திரளின் தாரையை 1918இலேயே ஹீபர் கர்டிஸ் ஒரு நேர்க்கோட்டுக் கதிராகக் குறித்துவைத்திருக்கிறார். அது நம் பக்கமிருந்து சற்று விலகியிருப்பதால் சாதுவாகத் தெரிகிறது. வேறு ஏதோ ஒரு திரளிலிருந்து பார்த்தால் அதுவே கண்ணைப் பறிக்கும் பிளேஸராக இருக்கும். நாம் பிளேஸர் என்று அஞ்சுவது அவர்களுக்கு அடக்கமான ஒரு ரேடியோத் திரளாக இருக்கும். ஆக, 'பிளேஸர்' என்ற பெயர் பொருளின் குணத்தைச் சொல்கிற அளவுக்கு நாம் நிற்கிற இடத்தையும் சொல்கிறது. திணையும் துறையும் படித்தவர்களுக்குக் கூற்று யாருடையது, கேட்போர் யார் என்று கேட்காமல் ஒரு செய்யுளைத் தொட முடியாது. இங்கும் அப்படித்தான்.

இதோடு எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். 2006 ஜூலை இறுதியில், நமீபியாவிலுள்ள ஹெஸ் காமாக் கதிர்த் தொலைநோக்கிகள் பிகேஎஸ் 2155-304 என்ற பிளேஸரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அதன் ஒளி சுமார் 200 விநாடிகளில் இரட்டித்தது. மூன்று நிமிடம், இருபது விநாடி. டீக்கடையில் ஒரு டீ ஆறுகிற நேரம்கூட இல்லை. நூறு கோடி சூரிய நிறையுள்ள ஒரு கருந்துளையின் விளிம்பிலிருந்து மையம் வரையிலான தூரத்தைக் கடக்கவே ஒளிக்குக் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் ஆகும். தாயைவிடப் பிள்ளை அத்தனை சிறியதா? மாற்றம் தாரை முழுவதிலும் நிகழாமல், தாரைக்குள்ளே ஓடுகிற இன்னும் சிறிய, இன்னும் வேகமான தாரைகளில் நிகழலாம் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். காந்தக் கோடுகள் அறுந்து ஒட்டுகையில் அத்தகைய சிறு தாரைகள் பிறக்கலாம் என்பது அவர்கள் கணிப்பு. வேறு விளக்கங்களும் உண்டு. இன்றுவரை தீர்ப்பு எழுதப்படவில்லை.

இந்த இடத்தில் ஒரு மொழிப் பிரச்சினையைச் சொல்லியாக வேண்டும். நம்மிடம் ஒளிக்கு எத்தனை சொற்கள்! மின்னுதல், மினுக்குதல், மினுமினுத்தல், சிமிட்டுதல், துலங்குதல், சுடர்தல், மங்குதல், நுடங்குதல், பொலிதல். இவ்வளவையும் வைத்துக்கொண்டு, வானத்தில் எது அசைந்தாலும் 'மின்னுகிறது' என்று எழுதிவிட்டுப் போகிறோம். ஆனால் அறிவியலுக்கு இங்கே ஒரு வேறுபாடு உயிர்போகிற விஷயம். பொருள் தானே ஒளி மாறுவது ஒன்று. பொருள் மாறாமலே இருக்க, இடையில் உள்ள ஊடகம் அசைந்து ஒளியை அலைக்கழிப்பது மற்றொன்று. இரவில் நட்சத்திரம் கண்சிமிட்டுவது இரண்டாம் வகை. அது நம் காற்றின் வேலை. கோள்கள் அவ்வளவாகச் சிமிட்டுவதில்லை என்பது ஊர்ப்புறத்தில் பலரும் அறிந்ததுதான். கோள் சிறு வட்டாகத் தெரிவதால் அதன் பல பகுதிகளின் சிமிட்டல்கள் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகின்றன. புள்ளியாக இருப்பதே சிமிட்டும். இங்கும் அதே சூத்திரம்: ஆட்டம் அளவைக் காட்டிக்கொடுக்கிறது.

உதகமண்டலத்து முத்தொரையில் மலைச்சரிவின் மேல் 530 மீட்டர் நீளத்துக்கு நிற்கிற ரேடியோத் தொலைநோக்கி இந்த சூத்திரத்தைக் கையாண்டுதான் பெயர் பெற்றது. 3சி 273ஐ நிலா மறைத்தபோது எடுத்த அளவீடுகளால் அதன் இடம் துல்லியமாகத் தெரியவந்ததைப் படித்த கோவிந்த் ஸ்வரூப், அதே நிலா மறைப்பு உத்திக்காக ஒரு பெருங்கருவி கட்டலாம் என்று எண்ணினார். அதன் விளைவு 1970இல் செயல்படத் தொடங்கிய உதகைத் தொலைநோக்கி. நமது நிலநடுக்கோட்டு அண்மை அவருக்கு வசதியாக வாய்த்தது. இடத்தின் அகலாங்குக்கு ஒத்த சாய்வுள்ள மலைச்சரிவு ஒன்றைக் கண்டுபிடித்து, கருவியின் அச்சைப் பூமியின் அச்சுக்கு இணையாக்கினார். சூரியக் காற்று ரேடியோ மூலங்களைச் சிமிட்டவைப்பதைக் கொண்டு மூலத்தின் சிறுமையையும், காற்றின் போக்கையும் ஒருசேரக் கணிக்கிற வேலை அங்கே பல பத்தாண்டுகளாக நடந்தது.

ரேடியோ அலையில் ஒரே நாளுக்குள் ஒளி மாறுகிற பிளேஸர் வகைப் பொருட்களைக் கண்டபோது, தாரைக்குள்தான் ஏதோ அமர்க்களம் என்று பலர் நம்பினார்கள். 2000ஆம் ஆண்டில் ஜே1819+3845 என்ற குவேஸாரைப் பற்றி நெதர்லாந்திலிருந்து அறிக்கை வந்தது. ஒரு மணி நேரத்துக்குள்ளேயே அது ஏறி இறங்கியது. தொடர்ந்து கவனித்தபோது, அந்த ஏற்ற இறக்கத்தின் வேகம் ஆண்டின் பருவத்துக்குத் தக்க மாறுவது தெரிந்தது. பூமி சூரியனைச் சுற்றுகிற திசை மாற மாற, ஆட்டத்தின் தாளமும் மாறியது. கோடிக்கணக்கான ஒளியாண்டுகளுக்கு அப்பாலுள்ள ஒரு பொருளுக்கு நம் ஆடியும் தையும் எப்படித் தெரியும்? தெரியாது. ஆகவே ஆட்டம் அங்கே இல்லை. நம் திரளுக்குள், நமக்குச் சற்று அருகிலேயே மிதக்கிற ஒரு மின்னூட்ட வாயுத்திரை நிகழ்த்திய சிமிட்டல் அது. சில ஆண்டுகளில் அந்தச் சிமிட்டல் நின்றும்போயிற்று. திரை விலகிவிட்டது போலும். காமாக் கதிரையோ கண்ணுக்குத் தெரியும் ஒளியையோ இப்படி அத்திரையின் மேல் பழிபோட்டுத் தள்ள முடியாது. அங்கே மாறுவது பொருள்தான்.

ஊடகம் செய்வதற்குச் 'சிமிட்டல்' என்றும், பொருள் தானே செய்வதற்கு 'ஒளியலைவு' என்றும் வைத்துக்கொள்ளலாம் என்பது எங்கள் பரிந்துரை. இதைவிட நல்ல சொல் கிடைத்தால் மகிழ்ச்சியே. ஆனால் இரண்டுக்கும் ஒரே சொல் என்பது மட்டும் கூடாது. கலைச்சொல்லாக்கம் என்றாலே புதிய பொருளுக்குப் புதிய பெயர் சூட்டுவது என்று நினைக்கிறோம். இருக்கிற சொற்களுக்கிடையே வேலி போடுவதும் கலைச்சொல்லாக்கந்தான், அதுவே கடினமான பாதியும்கூட.

தன் ஒளியலைவா, காற்றின் சிமிட்டலா என்ற வேறுபாட்டை ஓர் இரவுக்குள் எப்படிப் பிரித்தறிவது? இங்குதான் நம் நாட்டவர் செய்த வேலையைச் சொல்லவேண்டும். கோபால்-கிருஷ்ணா, ராம் சாகர், பால் வீட்டா ஆகியோரும் பின்னர் ஸ்டாலினும் சேர்ந்து 1990களிலிருந்து நடத்திய ஆய்வுகள் அவை. ஜவ்வாது மலையில் காவலூரில் 1986 முதல் இயங்கிவரும் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியும், நைனிடாலில் உள்ள 1.04 மீட்டர் சம்பூர்ணானந்த் தொலைநோக்கியும் அவர்கள் கருவிகள். உலகக் கணக்கில் சிறியவை.

முறை மிக எளிது, நேர்மையானது. குவேஸாரை மட்டும் பார்ப்பதில்லை. அதே படச்சட்டத்துக்குள் விழுகிற, ஏறக்குறைய அதே பொலிவுள்ள இரண்டு மூன்று நட்சத்திரங்களையும் சேர்த்துப் பார்ப்பார்கள். பிறகு குவேஸாரை முதல் நட்சத்திரத்தோடும், இரண்டாம் நட்சத்திரத்தோடும் ஒப்பிட்டு இரு வரைபடங்கள். நட்சத்திரங்கள் இரண்டையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு மூன்றாவது. மெல்லிய மேகம் போனாலும், காற்று கலங்கினாலும் எல்லாம் சேர்ந்தே மங்கும். ஒப்பீட்டில் அது கழிந்துவிடும். மூன்றாவது வரைபடம் சமமாகப் படுத்துக் கிடந்தால்தான் முதல் இரண்டின் ஏற்ற இறக்கத்தை நம்புவார்கள். நட்சத்திரங்களே ஒன்றுக்கொன்று ஆடினால் அந்த இரவின் சாட்சியம் செல்லாது. அவர்கள் தேடியதும் கண்ணைப் பறிக்கும் மாற்றமன்று. நூற்றில் ஒன்றிரண்டு பங்கு மாற்றம். ஒரே புள்ளியை நான்கு மணி நேரம், ஆறு மணி நேரம் விடாமல் பார்த்தால் தெரிகிற மாற்றம்.

1998 முதல் 2002 வரை நைனிடாலில் இப்படி 113 இரவுகள் பார்த்தார்கள். பி.எல். லாசெர்ட்டே வகைப் பொருட்கள் ஏறக்குறைய பத்தில் ஆறு பங்கு நேரம் ஒளியலைவு காட்டின. தாரை நம்மை நோக்கி இராத குவேஸார்களும் ரேடியோவில் அமைதியாக இருக்கிற குவேஸார்களும் பத்தில் இரண்டு பங்குக்கும் குறைவாகவே காட்டின, அதுவும் மெலிதாக. ஆனால் காட்டின என்பதுதான் சேதி. ரேடியோவில் ஊமையாக இருப்பவற்றுக்கும் உள்ளே எங்கோ ஒரு குறுந்தாரை இருக்கலாம், நம்மை நோக்கித் திரும்பாததால் வெளித்தெரியாமல் இருக்கலாம் என்ற எண்ணத்துக்கு அது வலுச்சேர்த்தது. 113 இரவு! குளிரில், ஒரு புள்ளியையும் அதன் அண்டை வீட்டாரையும் எண்ணிக்கொண்டு. இதில் எங்கே வாணவேடிக்கை? நூற்பு ஆலையில் இழை அறுகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்பவரின் கவனந்தான் இருக்கிறது. அல்லது எங்களூரில் ஒருகாலத்தில் பேனா நிப்பு செய்தவர்கள் இருந்தார்களே, முனையைக் கண்ணருகே பிடித்து ஓரம் சமமா என்று பார்த்தவர்கள், அந்தக் கவனம்.

தோல்வியையும் சொன்னால்தான் நியாயம். ஓஜே 287 என்ற பிளேஸர் சுமார் 12 ஆண்டுக்கு ஒருமுறை இரட்டைப் பொங்கலாகப் பொங்குவது பழைய தகடுகளிலிருந்து தெரியவந்தது. ஒரு மாபெரும் கருந்துளையைச் சிறியது ஒன்று சுற்றிவருகிறது, அது பெரியதன் வாயுத்தட்டை ஊடுருவும் போதெல்லாம் இந்தப் பொங்கல் என்று ஃபின்லாந்தின் வால்ட்டோனனும் அவர் கூட்டாளிகளும் கணித்தார்கள். மும்பை டாடா ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த லங்கேஸ்வர் டேயும் கோபகுமாரும் அந்தக் கணக்கைக் கூர்மையாக்கியவர்களில் இருவர். 2019 ஜூலை 31 அன்று வரவேண்டும் என்றார்கள். சூரியனுக்கு அருகே மறைந்திருந்த அந்த வேளையில் ஸ்பிட்சர் விண்கலம் மட்டும் பார்க்க முடிந்தது. சொன்ன நேரத்துக்குச் சில மணி நேர வித்தியாசத்தில் வந்தது. பஞ்சாங்கம் தோற்றது! அடுத்ததாக 2022 அக்டோபருக்குக் குறித்த பொங்கல் வரவில்லை என்று ஸ்டெஃபனி கோமோஸா தலைமையிலான குழு தொடர்ந்து கண்காணித்து எழுதியது. பெரிய கருந்துளையின் நிறை 1800 கோடி சூரியன்கள் அன்று, 10 கோடிதான் இருக்கும் என்பது அவர்கள் வாதம். வால்ட்டோனன் தரப்போ, அது முன்கூட்டியே, பூமியிலிருந்து பார்க்க முடியாத கோடைக் காலத்தில் நிகழ்ந்துவிட்டது என்கிறது. இரு தரப்பும் தரவுகளை வைத்துக்கொண்டுதான் சண்டை போடுகிறார்கள். முதல் பாதியை மட்டும் எடுத்துப் 'துல்லியமாகப் பலித்த கணிப்பு' என்று எழுதுவது தமிழில் எளிதாக நடந்துவிடும். மறுபாதி இல்லாமல் அது புராணம்.

நம் இலக்கிய இதழ்கள் அறிவியல் கட்டுரைக்கு இடம் கொடுக்கின்றன, அதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு சிறுகதையிடம் கேட்கிற கேள்விகளை நாம் அந்தக் கட்டுரைகளிடம் கேட்பதில்லை. கதையில் ஒரு பாத்திரம் ஏன் இப்படி நடந்துகொண்டது என்று தெரியாவிட்டால் ஆசிரியரை விடமாட்டோம். அறிவியல் கட்டுரையில் 'விஞ்ஞானிகள் கண்டுபிடித்துள்ளனர்' என்று ஒரு வரி வந்தால் வாயை மூடிக்கொள்கிறோம். எப்படிக் கண்டுபிடித்தார்கள்? வேறு விதமாக இருக்கலாமே, அதை எப்படித் தள்ளினார்கள்? அடுத்த வீட்டு நட்சத்திரத்தைப் பார்த்தார்களா? இதைக் கேட்கத் தொடங்கினால் எழுதுகிறவர்களும் சொல்லத் தொடங்குவார்கள். கோடிகள் தாமாகவே குறையும்.

பார்க்க விரும்புகிற அன்பர்களுக்கு ஒரு தகவல். இந்தக் கதையின் ஆதிப்பொருளான 3சி 273 கன்னி விண்மீன்குழுவில் இருக்கிறது. அதன் பொலிவு எண் ஏறத்தாழ 13, வெறுங்கண்ணுக்குச் சிக்காது. எட்டு அங்குலத் தொலைநோக்கியும் நல்ல விண்படமும் இருள்சூழ்ந்த காடும் இருந்தால் சிக்கும். சாத்தூரிலிருந்து பார்க்கையில் அது தலைக்கு நேர் உச்சியிலிருந்து ஏழு பாகை மட்டுமே விலகித் தெற்கே செல்லும். பங்குனி நடுவில் அது உச்சியைக் கடப்பது நள்ளிரவில். பக்கத்து விருதுநகரில் பங்குனிப் பொங்கல் களைகட்டுகிற நாட்கள் அவை. வாணங்களின் புகை அடங்கிய பின் தேடுவது நல்லது. தென்படுவது ஒரு சாதாரண நீலப் புள்ளிதான். அருகிலுள்ள நட்சத்திரங்களையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.